எல்வீரா டீச்சருக்கு நான் அனுப்பாத கேள்வி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. ஜின் என்று ஒரு படைப்பு உண்டு என்பது எங்கள் மார்க்கத்தில் உள்ளது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜின் வேறு வேலை இல்லாமல் கற்பிட்டிக்கு வந்து, கோட்டை மதிலில் குந்திக்கொண்டு, மீன் வாங்கப் போகிறவர்களைப் பயமுறுத்துகிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இருபத்திரண்டு வருடமாகக் கடலில் போட் ஓட்டுகிறேன், மனிதர்களைத் தவிர வேறு எதுவும் என்னைப் பயமுறுத்தியது கிடையாது. ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், என் மனைவி ஸீனத்தும் அவளுடைய நாநா, அதாவது அண்ணன், நவ்சாத்தும் இதற்குச் சாட்சி, அதில் நவ்சாத் மச்சான் இதைப்பற்றி வாயே திறக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

நான் ஸ்பானிஷ் படிக்கப் போனதே ஒரு வெட்கத்தால்தான். கற்பிட்டியில் காற்று அடங்கிய மாதங்களில் டொல்பின் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டி வருவதுதான் எங்கள் தொழில், நானும் நவ்சாத் மச்சானும் ஒரே போட்டில். இங்கிலீஷ் எனக்கு ஓட்டையும் உடைசலுமாக வரும், சிங்களம் நன்றாக வரும், மிச்சத்தைக் கையால் பேசிவிடுவேன். அப்படிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்பெயினிலிருந்து ஒரு இளம் சோடி ஏறினார்கள். போகப் போக அந்தப் பெண் என்னமோ திரும்பத் திரும்பச் சொன்னாள், கையையும் நீட்டினாள், இன்னும் தூரம் போகச் சொல்கிறாள் என்று நினைத்து நான் தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் தூரம் கொண்டு போனேன். கரைக்கு வந்த பிறகுதான் லொட்ஜில் சொன்னார்கள், அவள் பிள்ளைத்தாச்சி, அலை தாங்காமல் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் போட்டிலிருந்து இறங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது எனக்கு அறை வாங்கியது போல இருந்தது.

அதே லொட்ஜில் தங்கியிருந்த வேறொரு ஸ்பெயின்காரப் பெண்மணிதான் சொன்னார், இணையத்தில் ஒருவருக்கு ஒருவராகப் பாடம் சொல்லித் தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று. அவரே தேடி எல்வீரா டீச்சரைப் பிடித்துத் தந்தார். எல்வீரா டீச்சர் இருப்பது ஈக்குவடோர் என்ற நாட்டில், கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊர், என்னைவிடப் பத்து வயது இளையவர், புருஷன் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். பாடம் ஞாயிற்றுக்கிழமை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு, எனக்கு அப்போது விடிந்து வரும், அவருக்கு அது முந்திய நாள் மாலை. "அவ நேத்தையில இரிக்கிறா, நீங்க இண்டைக்கில இரிக்கிறீங்க, நல்லாத்தான் பாடம் நடக்கும்" என்று ஸீனத் பகிடி பண்ணுவாள்.

எல்வீரா டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மாஸ்டர் எனக்கு மண்டையில் களிமண் என்று சொல்லி வெளியே நிறுத்திவைத்தவர், சாதாரண தரப் பரீட்சையோடு நான் படிப்புக்கு ஸலாம் சொல்லிவிட்டவன். முதல் நாளே இதை என் ஓட்டை இங்கிலீஷில் டீச்சரிடம் சொன்னேன், பிறகு ஏமாந்துவிட்டேன் என்று அவர் சொல்லக்கூடாதே. அவர் சிரிக்கவில்லை. "அவருக்கு நாற்பது பேர், எனக்கு நீங்கள் ஒருவர் மட்டும். உங்களுக்கு வராவிட்டால் பிழை என்னுடையது" என்றார். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு ஒருவர் அப்படிச் சொன்னார், அன்று முழுக்க நான் ஒரு தினுசாகத்தான் நடந்து திரிந்தேன்.

அவர் என்னைப் புத்தகம் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார். போட்டைக் காட்டினேன், எஞ்சினைக் காட்டினேன், வாடியில் காய்கிற கருவாட்டைக் காட்டினேன், அங்கே அவர் ஊரிலும் அப்படித்தான் காய்கிறதாம், மணம் இங்கே வரை வருகிறது என்று மூக்கைப் பொத்திக் காட்டினார். அவருடைய பாடத்தில் ஆப்பிளும் ரயிலும் வராது, ஸீனத் வருவாள், நவ்சாத் மச்சான் வருவார், என் போட்டின் பெயர் வரும். நவ்சாத் மச்சான் நங்கூரம் போடும் முன் வெற்றிலை போடுவார் என்று ஒரு வாக்கியம், அதை நான் மச்சானிடம் ஸ்பானிஷில் சொல்லிக் காட்டினேன், அவர் தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வேலையின் நடுவில் ஒரு சொல் தேவைப்பட்டால் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு, போனில் குரலாகப் பதிந்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் உடனே பதில் தர மாட்டார். அந்த வாரம் நான் அனுப்பிய கேள்விகளை வைத்துத்தான் ஞாயிறு பாடம். நான் கேட்காத எதையும் அவர் சொல்லித் தரவே மாட்டார், தேவை வந்து கேட்கிற சொல்தான் மனிதனிடம் தங்கும் என்பார். டொல்பின் வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் எழும்பி நிற்காதீர்கள் என்பதை எப்படிச் சொல்வது, தொப்பியைக் கழற்றுங்கள் காற்று கொண்டுபோய்விடும் என்பதை எப்படிச் சொல்வது, இப்படி எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்தி அனுப்புவேன். ஒரே வருடத்தில் ஸ்பெயின்காரர்களோடு நான் கதைக்கத் தொடங்கிவிட்டேன் என்றால் நம்புவீர்களா, பிழை பிழையாகத்தான், ஆனால் கதைத்தேன். திருப்பிக் கொண்டுபோங்கள் என்று யாராவது சொன்னால் இனி எனக்கு விளங்கும் என்ற நிம்மதி ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் டொல்பின் காலத்தின் நடுவில் ஒரு ஞாயிறு. வழக்கமாக என் பெயரைச் சொல்லி ஸலாமும் சொல்லித் தொடங்குகிற டீச்சர், அன்றைக்குப் பகிடி ஒன்றும் இல்லாமல் நேராகப் பாடத்துக்குப் போனார். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். தலைப்பு, "அப்பா மயங்கி விழுந்துவிட்டார்". இன்றைக்கு ஊசி போட்டாரா, இன்றைக்குச் சாப்பிட்டாரா, விழுந்தால் கொடுக்கிற மருந்து எங்கே இருக்கிறது, இப்படிக் கேள்விகள். அவருடைய தெருவில் இருக்கிற ஒரு தாதியைப் போய்ப் பார்த்து எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார். இன்சுலின் ஊசியும் போட்டு, சாப்பிடாமலும் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது தினம் போடுகிற ஊசியைப் போட்டால் ஆள் போய்விடுவார் என்று எனக்கு விளங்கும்வரை மூன்று முறை சொன்னார்.

எங்கள் ஊரில் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி, இல்லாத வீடு குறைவு, எங்களுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும், சீனிக்காரர் விழுந்தால் சீனி ஏறிவிட்டது. இறங்கியும் விழுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது, அதுவும் ஸ்பானிஷில்.

பிறகு நடித்துக் காட்ட வேண்டும் என்றார். அவர் ஒரு சின்னப் பிள்ளையாக நடித்தார், நான் கேட்கிற எதற்கும் பதில் சொல்லாமல் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். நான் திரும்பத் திரும்ப மருந்தைக் கேட்டேன், அவர் பேசவே இல்லை. கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சொன்னார், "பயந்த பிள்ளையிடம் முதலில் பெயரைக் கேளுங்கள், பெயரைச் சொன்ன பிறகுதான் அது மற்றதைச் சொல்லும்."

நான் இதைக் கேட்கவில்லையே என்று எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் உம்மாவுக்குச் சீனி என்று எப்போதோ சொல்லியிருந்தேன், அதை நினைவில் வைத்து அன்பால் தன் சட்டத்தைத் தானே மீறிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு மனுஷி தெருவில் இறங்கி விசாரித்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கும்போது, இதை யார் கேட்டது என்று நான் எப்படிக் கேட்பது? கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் வழமைபோல ஒரு பாடம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, ஸ்பெயினிலிருந்து ஒரு தகப்பனும் ஒன்பது வயது மகளும் போட்டில் ஏறினார்கள். தாய்க்கு வயிற்றுக் கோளாறு, லொட்ஜிலேயே நின்றுவிட்டாள். விடியலிலேயே போக வேண்டும் என்றதால் தகப்பன் சாப்பிடவில்லை, வந்து சாப்பிடலாம் என்று லொட்ஜ்காரரிடம் சொல்லியிருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரியும். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் டொல்பின்கள் வந்தன, நூறு இருக்கும், பிள்ளை கை தட்டித் துள்ளியது, தகப்பன் எழும்பி நின்று போனில் படம் பிடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நெற்றியெல்லாம் வேர்த்து, என்னமோ தொடர்பில்லாமல் கதைத்து, பலகையில் உட்கார்ந்து, அப்படியே சரிந்து கீழே விழுந்துவிட்டார்.

நவ்சாத் மச்சான் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவருடைய பையைக் கவிழ்த்தார். உள்ளே இருந்து பேனை மாதிரி ஒரு ஊசி வந்தது. மச்சானுடைய மனைவியும் அதே ஊசிதான் போடுகிறார், அதனால் அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"சீனிக்காரன் மச்சான், சீனி ஏறிட்டிது" என்றார். மூடியைக் கழற்றிவிட்டார். "சட்டையத் தூக்கிப் புடி, நான் போடுறன்."

எனக்கு மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை, அல்லாஹ் மீது ஆணையாக, அந்தப் பாடம் அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. பிள்ளை மூலையில் ஒடுங்கிக்கொண்டு அழுகிறது, அது ஒன்றுதான் என் காதில் விழுந்தது. ஒரு வருடப் பழக்கம், கை தானாகப் போனை எடுத்தது, குரல் பதிகிற பொத்தானை அழுத்திக்கொண்டு கத்தினேன். டீச்சர், இவர் இன்றைக்கு ஊசி போட்டாரா என்று எப்படிக் கேட்பது, சாப்பிட்டாரா என்று எப்படிக் கேட்பது, விழுந்தால் கொடுக்கிற மருந்து எங்கே என்று எப்படிக் கேட்பது. மச்சான் பக்கத்தில் நின்று, "ஊசியப் போடுவம் றிஸ்வான், யோசிச்சிட்டு இரிக்காத, மனிசன் மவுத்தாகப் போறான்" என்று கத்துகிறார். போனில் சிக்னல் ஒரு துளிகூட இல்லை. அந்தக் கேள்விகளை என் வாயாலேயே கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, இதெல்லாம் எனக்குத் தெரியும், இது மூன்று பக்கமும் என் கொப்பியில் இருக்கிறது.

மச்சானுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் பக்கம் குந்தினேன். முதலில் பெயரைக் கேட்டேன். "கோமோ தே யாமாஸ்?" அழுகை நிற்கவில்லை. இன்னொரு முறை மெதுவாகக் கேட்டேன். "லூசியா" என்றாள். லூசியா, அப்பா இன்றைக்கு ஊசி போட்டாரா? போட்டார். சாப்பிட்டாரா? இல்லை. அப்பா விழுந்தால் அம்மா என்ன கொடுப்பார்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து, பையின் வெளிப் பொக்கெட்டைத் திறந்து ஒரு செம்மஞ்சள் பெட்டியை எடுத்துத் தந்தாள். நவ்சாத் மச்சான் அதைப் பார்க்கவே இல்லை, அவருக்கு வேண்டியது முதலிலேயே கையில் கிடைத்துவிட்டதே.

"மச்சான், அது வேணாம். சீனி இறங்கியிரிக்கி, ஏறல்ல."

"நீ என்ன டொக்டரா?"

"டீச்சர் சொன்ன."

மச்சான் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பேனையை அவர் கீழே வைத்தார். அதற்காக நான் அவருக்கு என்றைக்கும் கடன்பட்டவன், என் இடத்தில் அவர் இருந்து எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால் நான் வைத்திருப்பேனா தெரியாது. பெட்டியின் மூடிக்குள் எப்படிச் செய்வது என்று படம் போட்டிருந்தது, தண்ணீரைத் தூளோடு கலந்து, ஊசியில் இழுத்து, தொடையில் குத்த வேண்டும். லூசியா ஒவ்வொரு படமாக விரலால் தொட்டுக் காட்டினாள், நான் குத்தினேன். போட்டைத் திருப்பிக்கொண்டு பறந்தோம். கரையில் காற்றாலைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நேரம் அவர் கண்ணைத் திறந்து மகளின் பெயரைச் சொன்னார். அப்போது நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், அந்தப் பேனை ஊசியைப் போட்டிருந்தால் இவரை இங்கே உயிரோடு கொண்டுவந்திருக்க மாட்டீர்கள் என்று. தாய் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள், எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஒரு காலத்தில் ஒரு பெண் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள், இன்றைக்கு இன்னொரு பெண் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் எல்வீரா டீச்சரால்.

அந்த ஞாயிறு பாடத்தில் உட்கார்ந்ததும் முழுக் கதையையும் சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார், கண் கலங்கிவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு, மனதில் இருந்ததையும் கேட்டேன். "டீச்சர், நான் கேட்காத எதையும் சொல்லித் தர மாட்டேன் என்பீர்களே, அந்தப் பாடத்தை மட்டும் ஏன் கேட்காமலே சொல்லித் தந்தீர்கள்?"

"கேட்டீர்களே" என்றார்.

"இல்லை டீச்சர்."

"கேட்டீர்கள். குரல் அனுப்பினீர்கள். பின்னால் ஒரு பிள்ளை அழுதது, அதனால்தான் நான் பிள்ளையாக நடித்தேன். உங்கள் ஊரில் யாருக்கோ நடந்துவிட்டது, எல்லாம் முடிந்த பிறகு நீங்களே சொல்வீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை."

போனை எடுத்துப் போட்டுக் காட்டினார்.

என் குரல். எஞ்சின் நிறுத்திய போட்டில் தண்ணீர் தட்டுகிற சத்தம். லூசியாவின் அழுகை. டீச்சர், இவர் இன்றைக்கு ஊசி போட்டாரா என்று எப்படிக் கேட்பது. நடுவில் தெளிவாக, தமிழில், நவ்சாத் மச்சான், "ஊசியப் போடுவம் றிஸ்வான், யோசிச்சிட்டு இரிக்காத, மனிசன் மவுத்தாகப் போறான்." ஸீனத் எனக்குப் பிளேன்டீ கொண்டு வந்தவள் கதவடியிலேயே நின்றுவிட்டாள். "இது எங்கட நாநாட குரல் தானே, செவ்வாய்க்கெழம நடந்தது தானே?" என்றாள். டீச்சர் திகதியைக் காட்டினார். அந்த மூன்று பக்கப் பாடம் நடந்த ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை. அதாவது அந்தத் தகப்பன் என் போட்டில் ஏறுவதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்.

நீங்கள் இப்போது சொல்லப்போவது எனக்குத் தெரியும், டீச்சருடைய போனில் திகதி பிழையாக இருந்திருக்கும் என்று. புத்தளத்தில் போன் திருத்துகிற ஒருவரும் அதைத்தான் சொன்னார். சரி, போன் பிழை என்றே வைத்துக்கொள்வோம், என் கொப்பியும் பிழையா? அந்தப் பாடத்தை நான் எழுதி, அதற்கு அடுத்த பாடத்தையும் எழுதி, அதற்குப் பிறகுதானே கடலில் அது நடந்தது. இன்னொன்றும் சொல்கிறேன், நான் கடலில் பதிந்த அந்தக் குரல் என் போனில் இன்னும் அனுப்பப்படாமல்தான் கிடக்கிறது, பக்கத்தில் சின்ன மணிக்கூட்டுப் படம், போக முயற்சி செய்கிறது, போகவில்லை. நவ்சாத் மச்சானைக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டினேன். தன் குரலை ஒரு முறை கேட்டார், தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை அல்லாஹ்வின் கிருபை என்று சொல்லி ஸுஜூது செய்துவிட்டு மறந்திருப்பேன். ஒரு உயிர் பிழைத்தது, அதில் பயப்பட என்ன இருக்கிறது?

ஆனால் டீச்சர் அழைப்பைத் துண்டிக்காமல் போனில் எதையோ தேடினார். பிறகு, "இன்னொன்றும் இருக்கிறது" என்றார். "அதே நாள், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வந்தது. சின்னக் கேள்வி, ஒரே வாக்கியம், வேறு பாடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. போட்டார். இதில் பிள்ளை இல்லை, மச்சான் இல்லை, எஞ்சின் இல்லை, அலைச் சத்தம் மட்டும். பிறகு என் குரல், பதற்றமே இல்லாமல், மெதுவாக, களைத்துப்போய். எங்கள் வாப்பா கடைசிக் காலத்தில் கதைத்தது போல இருந்தது, ஆனால் வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, டீச்சர் என்று கூப்பிட அவருக்கு யாரும் இல்லை. "டீச்சர், இதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது, என்னைத் தேட வேண்டாம், நான் கரை சேர்ந்துவிட்டேன்."

அவ்வளவுதான். அப்படி ஒன்றை நான் எந்தக் காலத்திலும் பதியவில்லை. என் போனில் அதற்கு அடையாளமே கிடையாது.

டீச்சர் மெதுவாகக் கேட்டார், "கேட்டதைச் சொல்லித் தர வேண்டியது என் கடமை. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்." எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. முதல் பாடம் ஒரு மனிதனைக் காப்பாற்றியதே, இதுவும் ஏதாவது ஒன்றுக்கு உதவத்தானே வந்திருக்கும் என்று என் புத்தி சொன்னது. ஆனால் ஸீனத் பிளேன்டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"கரை சேந்த மனிசன் நடந்து வீட்ட வருவான் தானே. அவன் எதுக்குத் தேட வேணாம் எண்டு சொல்லுற?" என்றாள். "நீங்க அதப் படிக்க வேணாம். உங்கட புள்ளையள் மேல கேக்குறன்."

நான் படிக்கவில்லை. டீச்சரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மற்றப் பாடங்கள் எல்லாம் வழமைபோல நடக்கின்றன, அவரைப் போல ஒரு ஆசிரியர் எனக்கு இனி இந்தத் துனியாவில் கிடைக்க மாட்டார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

டொல்பின் காலம் முடிகிற நேரம், ஒரு நாள் கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்து போட் இறக்காமல் சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். குசினிப் பக்கம் எல்வீரா டீச்சரின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன், ஸீனத் உப்புப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே டீச்சர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீளமில்லாத ஒரு வாக்கியம், எனக்குத் தெரியாத வாக்கியம். என்னைக் கண்டதும் டீச்சருக்கு ஸலாம் சொல்லி நிறுத்திவிட்டாள். முகத்தில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை.

"என்னப் படிக்க வேணாம் எண்டு சொல்லிட்டு நீ படிக்கிறியா?" என்றேன்.

"நீங்க படிக்க வேணாம் எண்டு தான் நான் சொன்ன. நான் படிக்க மாட்டன் எண்டு சொல்லல்லயே." வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். "ஒரு நாளைக்கி எங்கயோ இருந்து ஒராள் போன் எடுத்து, அந்தப் பாஷையில அதச் சொன்னா, எனக்கு வெளங்க வேணாமா?"

பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை நான் உரித்தேன். எனக்கு அந்த வாக்கியம் இன்றைக்கும் தெரியாது, அவளுக்கு மனப்பாடம். கடலுக்குப் போகிற தொழிலை விட முடியாது, எங்களுக்கு வேறு என்ன தெரியும், நாளைக்கும் போவேன். ஆனால் இப்போதெல்லாம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் வீட்டில் யாரையும் அவள் எடுக்க விடுவதில்லை, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவள்தான் எடுப்பாள், எடுத்துக் காதில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள், அதற்குப் பிறகுதான் ஹலோ சொல்வாள்.